சிரட்டையும் புளியங்கொட்டையும்: சின்ன வகுப்பில் பொறியியல் சொல்லிக்கொடுத்த கதைகள்

சேரன்மகாதேவி பக்கம், இரண்டாம் வகுப்பு ஆசிரியை

2022-இல் அரசுப் பள்ளிகளுக்கு வானவில் மன்றம் என்ற அறிவியல் செய்முறைத் திட்டம் வந்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குச் சோதனைக் கருவிகளோடு ஆள் வருகிறார்கள். என்னிடம் இருப்பது பல் விழுந்த 19 பிள்ளைகள். இவர்களுக்கும் எதையாவது செய்து பார்க்கலாமே என்று இந்த வருஷம்தான் தொடங்கினேன்.

முதல் தடவை சொதப்பினேன். நானே ஒரு காகிதப் பாலம் மடித்து மேசைமேல் வைத்து, "இதேபோல் செய்யுங்கள்" என்றேன். அரைமணி நேரத்தில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் 19 பாலங்கள். படம் எடுத்து அனுப்பினேன், பாராட்டும் வந்தது. ஆனால் ஒரு பிள்ளைகூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அது கைவேலை வகுப்பு, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் மாதிரியே காட்டவில்லை. இரண்டு செங்கல், நடுவில் ஒரு சாண் இடைவெளி. "இதுதான் ஆறு" என்றேன். ஆளுக்கு ஒரு பழைய காலண்டர் தாள். பசை கிடையாது, கத்தரிக்கோலும் கிடையாது. பாலத்தின் நடுவில் ஒரு சிரட்டையை வைக்க வேண்டும், அதில் எத்தனை புளியங்கொட்டை தாங்குகிறது என்று எண்ண வேண்டும். எனக்கும் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்று முழுக்கக் கஷ்டப்பட்டவள் நான்தான். பிள்ளை தப்பாக மடிக்கும்போது கை தானாக நீள்கிறது.

தாளை அப்படியே விரித்து வைத்தவர்களுக்கு வெறும் சிரட்டையே விழுந்தது. இரண்டாக மடித்தார்கள், நான்காக மடித்தார்கள், தாள் தொய்ந்தது. ஒருத்திக்கு மூன்று முறை விழுந்ததும் அழுகை வந்துவிட்டது. பனையேறும் தாத்தாவின் பேரன் ஒருவன் மட்டும் தாளை விசிறிபோல மடிப்பு மடிப்பாக மடித்து வைத்தான். சிரட்டை நின்றது. பத்துப் பத்தாகக் கொட்டை போட்டார்கள். என் பிள்ளைகளுக்கு நூறு வரைதான் எண்ணத் தெரியும். நூறு வந்தது, எண்ணிக்கை முடிந்துவிட்டது, பாலம் நிற்கிறது! "இப்படி மடிக்க யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன். "ஓலை இப்படித்தான் இருக்கும் டீச்சர்" என்றான்.

பிறந்தது முதல் பனைக்கு நடுவில்தான் இருக்கிறேன். அவ்வளவு அகலமான ஓலை ஆடிக் காற்றில் தொய்யாமல் நிற்பது அந்த மடிப்பால்தான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மறுநாள் ஓர் அம்மா வந்து, "பாடம் நடத்தாமல் குப்பையை வைத்து விளையாட விடுகிறீர்களாமே" என்றார். அவரையும் உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுத்தேன். அவர் பாலமும் விழுந்தது. சிரித்துவிட்டுப் போனார்.

பணகுடி, காற்றாலைப் பொறியாளர்

டீச்சர், நீங்கள் ஒரு தடவைதான் சொதப்பினீர்கள். நான் ஊரைக் கூட்டிச் சொதப்பினேன்.

மகள் படிக்கும் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பேச அழைத்தார்கள். மடிக்கணினியில் படங்கள், அம்புக்குறிகள், மெகாவாட் கணக்கு என்று கொண்டுபோனேன். ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பையன் மட்டும், "காற்று நின்றுவிட்டால் அது தூங்குமா?" என்று கேட்டான். அன்றைக்குக் கேட்ட ஒரே நல்ல கேள்வி. நானோ அதைச் சிரித்து ஒதுக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆனி மாதம் மறுபடியும் போனேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று ஆளைத் தள்ளும் பருவம் அது. பனையோலைத் துண்டு, உடைமுள், குச்சி மட்டும் எடுத்துப்போனேன். நாமெல்லாம் சின்ன வயதில் செய்த ஓலைக் காற்றாடிதான். சிலருடையது சுற்றியது, பலருடையது சுற்றவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. சுற்றும் காற்றாடிக்காரர்களை மற்றவர்கள் சூழ்ந்துகொண்டு முள்ளைப் பார்த்தார்கள், ஓட்டையைப் பார்த்தார்கள். ஓட்டை இறுக்கமாக இருந்தால் சுற்றாது என்பதை உடனே பிடித்துவிட்டார்கள். இரண்டு இறக்கையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் சுற்றாது, எதிரெதிராகச் சாய வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. என் மகள்தான் முதலில் சொன்னாள் என்று பெருமையடிக்க ஆசை. அவள் இல்லை, பக்கத்துப் பையன்.

நாங்கள் காற்றாலையில் இறக்கையின் சாய்வைத் திருப்பித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோம். அதை அப்போது சொன்னேன். அத்தனை பேரும் கேட்டார்கள். தூங்குமா என்று கேட்டவனுக்கும் பதில் சொன்னேன்: காற்று குறைந்தால் தூங்கும், புயல்போல் அடித்தால் இறக்கையைத் திருப்பிக்கொண்டு அப்போதும் தூங்கும்.

திருநெல்வேலி டவுண், பணி ஓய்வு பெற்றவர்

எனக்கு வகுப்பும் இல்லை, மாணவர்களும் இல்லை. ஒரு பேத்தி இருக்கிறாள், ஒன்றாம் வகுப்பு. ஆனித் தேரோட்டத்தில் எல்லாரும் வடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தேருக்குப் பின்னால் தடி போட்டுச் சக்கரத்தை நெம்புகிறவர்களையே பார்த்தாள். "அந்தக் கட்டை எதற்குத் தாத்தா அவ்வளவு நீளம்?"

வீட்டுக்கு வந்து அம்மிக்கல், செங்கல், உலக்கை மூன்றையும் எடுத்துவைத்தேன். உலக்கையை நடுவில் பிடித்து அழுத்தினாள், அம்மி அசையவில்லை. நுனிக்குப் போய்த் தொங்கினாள், எழும்பியது. அவள் சந்தோஷத்தில் குதித்ததில் பிடியை விட்டுவிட்டாள். என் கால் பெருவிரல் நகம் இரண்டு மாதம் கறுத்துக் கிடந்தது. டீச்சர் சொன்ன விதியில் காலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டை, ஒரு அம்மா

நான் எட்டு வாரம் பணம் கட்டி மகனை ரோபோ வகுப்புக்கு அனுப்பினேன். படத்தைப் பார்த்துப் பாகங்களைச் செருகினால் வண்டி ஓடுகிறது, கடைசியில் சான்றிதழ். "சக்கரம் எப்படிச் சுற்றுகிறது?" என்று கேட்டால், "பட்டனை அழுத்தினால்" என்கிறான். கோடை விடுமுறையில் சாத்தான்குளத்தில் அவன் மாமா நுங்கு வண்டி செய்து கொடுத்தார். குச்சி கோணலாகச் செருகியிருந்ததால் வண்டி ஒரு பக்கமாகவே ஓடியது. தானே பிடுங்கி, தானே செருகி, நான்கு நுங்குக்காயை நாசமாக்கிய பிறகு நேராக ஓட்டினான். வகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு எத்தனை குலை நுங்கு வாங்கியிருக்கலாம்!

அக்கா, ஒரு சந்தேகம். நன்றாக எண்ணிக்கை வந்த பாலத்துக்குப் பரிசு கொடுப்பீர்களா?

சேரன்மகாதேவி ஆசிரியை

கொடுப்பதில்லை தங்கச்சி, அதற்கு ஒரு காரணம் உண்டு. அண்ணாச்சி, உங்கள் உலக்கையை அடுத்த வாரம் என் வகுப்பில் திருடப்போகிறேன். அம்மிக்குப் பதில் அரிசி மூட்டை.

அன்றைக்கு ஒருவன் தாளில் விரலால் வரிசையாக ஓட்டை போட்டு வைத்திருந்தான். எல்லாரையும்விடக் குறைவாக, ஆறே கொட்டைதான் தாங்கியது. எதற்கு ஓட்டை என்று கேட்டேன். "வெள்ளம் வந்தால் தண்ணீர் எங்கே போகும்?" என்றான். 2023 டிசம்பரில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தபோது அவனுக்கு ஐந்து வயது இருக்கும். நான் கொட்டைக்குப் பாலம் கேட்டேன், அவன் ஆற்றுக்குப் பாலம் கட்டியிருக்கிறான். அவனுக்கு எந்த இடம் கொடுப்பது?

போன ஞாயிறு கொக்கிரகுளத்தில் அத்தை வீட்டுக்குப் போனவன், ஆற்றுக்குள் இறங்கிச் சுலோசன முதலியார் பாலத்தைப் பார்த்திருக்கிறான். தாமிரபரணிமேல் 1843-இல் கட்டிய வளைவுப் பாலம். திங்கள் காலை மணி அடிப்பதற்குமுன் என் மேசைக்கு ஓடி வந்தான். "டீச்சர், அதிலும் ஓட்டைதான். பதினொன்று!"

எத்தனையோ தடவை அதன்மேல் பஸ்ஸில் போயிருக்கிறேன். எண்ணியதே இல்லை.