கடலோர வீட்டில் பழைய மைனிங் ரிக்: வாங்கலாமா, ஓட்டலாமா?

கேள்வி: மஞ்சக்குப்பம், கடலூர்

அனைவருக்கும் வணக்கம். கணினிகளைப் பிரித்துப் பொருத்துவதில் எனக்கு நீண்ட நாள் ஆர்வம் உண்டு. வீட்டில் உள்ள கணினியும் உதிரிகளாக வாங்கி நானே பொருத்தியதுதான். கடலூர் முதுநகரில் எனக்குத் தெரிந்த ஒருவர், எத்தீரியம் மைனிங் (கணினியைக் கணக்குப் போட வைத்து இணைய நாணயம் ஈட்டுவது) செய்துவந்த தமது ரிக்கை, அதாவது பல கிராபிக்ஸ் கார்டுகளைக் கோத்த கணினியை, விற்க விரும்புகிறார். அதில் 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 கார்டுகள் ஆறும், அவற்றை மதர்போர்டுடன் இணைக்கும் ரைசர் என்ற நீட்டிப்புகளும், 1200 வாட் பவர் சப்ளையும் உள்ளன. 2022 செப்டம்பரில் நிறுத்தியதிலிருந்து அதை இயக்கவே இல்லை என்றும், ஓடாமல் இருந்ததால் கார்டுகளுக்குத் தேய்மானம் இருக்காது என்றும் அவர் சொல்கிறார். துறைமுகத்தை ஒட்டிய வீட்டின் மாடியறையில் அது மூடாமல் வைக்கப்பட்டிருக்கிறது.

இதை வாங்கி வேறு நாணயம் ஏதேனும் மைனிங் செய்தால் மின்கட்டணமாவது கட்டுப்படியாகுமா? கடற்காற்று பட்ட கார்டுகளை நம்பலாமா? வீட்டு வயரிங் இதைத் தாங்குமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

நண்பரே, இதே வகைக் கார்டுகளை வைத்து நானும் மைனிங் செய்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வரவு செலவைப் பார்ப்போம். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங் முறையைக் கைவிட்டுப் பங்கு வைப்பு முறைக்கு (நாணயத்தை வைப்பாக வைத்தவர்களே பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் முறை) மாறியது. அதுவரை அதில் ஈடுபட்டிருந்த கார்டுகள் எத்தீரியம் கிளாசிக், ரேவன்காயின் போன்ற வேறு நாணயங்களின் பக்கம் திரும்பியதால் அவற்றிலும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு சில நாட்களிலேயே சுருங்கிவிட்டது. மின்செலவோ அப்படியே இருக்கிறது. மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டினாலும் கார்டு ஒன்றுக்கு 120 வாட் வரை போகும். மதர்போர்டையும் பவர் சப்ளையில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து சுமார் 900 வாட் இழுக்கும். நாளொன்றுக்கு 21 அல்லது 22 யூனிட் என்றால், இரண்டு மாதக் கணக்கில் 1,300 யூனிட்டை நெருங்கும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும் அந்தச் சலுகை உங்கள் வழக்கமான பயன்பாட்டிலேயே தீர்ந்திருக்கும். ரிக்கின் யூனிட்டுகள் மேல் அடுக்குகளில் போய் விழும். 1,000 யூனிட்டைத் தாண்டிய பகுதிக்கு யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல் போகிறது. ஏற்கெனவே 400 யூனிட் செலவழிக்கும் வீடாக இருந்தால், இந்த ரிக்கினால் மட்டும் இரண்டு மாதத்துக்குப் 12,000 ரூபாய்க்குக் குறையாமல் கட்டணம் ஏறும். மேல் அடுக்குக் கட்டணம் அதைவிடக் குறைவாக உள்ள புதுச்சேரியிலேயே எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

பிட்காயின் பக்கம் போகலாமே என்று தோன்றினால் அதற்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஆன்ட்மைனர் எஸ்9 என்ற பிட்காயின் மைனிங் இயந்திரம் நொடிக்குச் சுமார் 13.5 டெராஹேஷ் (ஒரு டெராஹேஷ் என்பது லட்சம் கோடி கணக்கு முயற்சிகள்) வேகத்தில் இயங்கி, 1,350 வாட் அளவுக்கு மின்சாரம் எடுக்கும். 2024 ஏப்ரலில் மைனிங் பரிசு பாதியாக்கப்பட்ட பிறகு ஒரு பிளாக்குக்கு (பரிவர்த்தனைகளின் தொகுப்புக்கு) 3.125 பிட்காயின்தான் பரிசு. பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்றால் உலகம் முழுவதற்கும் நாளொன்றுக்குச் சுமார் 450 பிட்காயின். வலையமைப்பின் மொத்த வேகத்தை 600 எக்ஸாஹேஷ் (ஒரு எக்ஸாஹேஷ் என்பது பத்து லட்சம் டெராஹேஷ்) என்றும், ஒரு பிட்காயின் விலையை 50 லட்சம் ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், அந்த இயந்திரத்தின் ஒரு நாள் வருவாய் சுமார் 50 ரூபாய். அதே நாளில் அது தின்னும் 32 யூனிட்டுக்கு 300 ரூபாய்க்கு மேல் ஆகும். விலை ஏறினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆனால் விலை ஏறும்போது புதிய இயந்திரங்களும் வந்து சேர்கின்றன. 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மைனிங் கணக்கின் கடினத்தன்மையும் அதற்கேற்ப உயர்த்தப்படுகிறது.

அடுத்தது உப்புக்காற்று. ஓடாமல் இருந்ததால் கார்டு நன்றாக இருக்கும் என்பது உள்நாட்டு ஊர்களுக்குப் பொருந்தலாம்; துறைமுகத்தருகே நிலைமை நேர்மாறானது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போது சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். நம் கடற்கரையில் இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது வழக்கமான செய்தி. ஓடிக்கொண்டிருக்கும் கார்டின் பலகை சூடாக இருப்பதால் அதன்மேல் படிந்த உப்பு உலர்ந்தே கிடக்கும். நிறுத்தி வைத்த கார்டிலோ அந்த உப்பு இரவில் கசிந்து, மின்சாரம் கடத்தும் மெல்லிய ஈரப்படலமாகப் பரவி, செம்பையும் பற்றவைப்புகளையும் அரிக்கிறது. ஆகவே, 2022 வரை ஓடியதைவிட அதன் பிறகு சும்மா கிடந்த காலமே அந்தக் கார்டுகளுக்கு அதிகக் கேடு செய்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

நேரில் பார்க்கும்போது கைவிளக்கு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அலுமினியத் தகடுகளின் ஓரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, திருகுகளின் தலையில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இவை இருந்தாலும் கார்டு பிழைக்கக்கூடும். ஸ்லாட்டில் நுழையும் பொன்னிற முனைகளில் கரும்புள்ளிகளோ, பலகையின் பின்புறம் சிறு துளைகளைச் சுற்றிப் பச்சைக் களிம்போ தெரிந்தால் அந்தக் கார்டை விட்டுவிடுங்கள். மேலே தெரியும் களிம்பைத் துடைக்கலாம், நினைவகச் சில்லுகளின் அடியில் இருப்பதைத் துடைக்க வழியில்லை.

பதில்: நெய்வேலி

மேலே உள்ளவர் கார்டுகளைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் வயரிங்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 900 வாட் என்பது 230 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக் தாங்கக்கூடிய அளவுதான் என்றாலும், இடைவிடாமல் ஓடும் சுமையை அதில் மாட்டக்கூடாது. ஒரு மணி நேரம் இஸ்திரி போடுவதும் இரவு பகலாக 4 ஆம்பியர் போவதும் ஒன்றல்ல. பிளக்கின் உள்ளே தளர்ந்த திருகு ஒன்று இருந்தால் அங்கேதான் சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகித் தீய்ந்த வாடை வரும். மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தனியாக இழுத்து, அதற்கென ஒரு எம்சிபியும் (மிகுசுமையில் தானே அணையும் சுவிட்ச்) எர்த் கசிவுக்கு ஆர்சிசிபியும் (கசிவைக் கண்டதும் அணையும் சுவிட்ச்) வைத்து, 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது ரைசர்கள்தான். ரைசர்களுக்கு மின்சாரம் தரப் பலர் பயன்படுத்தும் சாட்டா பவர் முனை (ஹார்டு டிஸ்க்குக்கான மின்முனை) 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் வரை தருவதற்கே வடிவமைக்கப்பட்டது. கார்டு தன் ஸ்லாட் வழியாக 75 வாட் வரை கேட்க உரிமை உள்ளது. சாட்டாவிலிருந்து ஆறு பின் முனைக்கு மாற்றும் கேபிள்கள் அந்த ரிக்கில் இருந்தால் அவற்றை முதலில் வெட்டி எறியுங்கள். 12 வோல்ட் செல்லும் மஞ்சள் வயரின் முனை அதில் உருகித் தீப்பிடிக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்: மஞ்சக்குப்பம்

இருவருக்கும் மிக்க நன்றி. துறைமுகத்தருகே சும்மா கிடந்ததே கேடு என்பது நான் எண்ணிப் பார்க்காத கோணம். குளிர்சாதன அறையில் வைத்தால் வெப்பம், ஈரம் இரண்டும் ஒருசேரக் குறையுமா? மைனிங் வருவாய்க்கான வரி பற்றியும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: விழுப்புரம்

வரியைப் பற்றிச் சுருக்கமாக: மெய்நிகர் சொத்தை (கிரிப்டோ நாணயங்களை) விற்று வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு எதையும் கழிக்க முடியாது. மைனிங்குக்கான உள்கட்டமைப்புச் செலவு வாங்கிய விலையாகக் கருதப்படாது என்று ஒன்றிய அரசு 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே தெரிவித்துவிட்டது. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் வழியில்லை.

பதில்: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

குளிர்சாதனம் ஈரத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் ரிக் எடுக்கும் 900 வாட்டும் அறைக்குள் வெப்பமாகவே வெளியேறுவதால், அதை வெளியேற்ற ஏசி மேலும் 300 வாட் அளவுக்கு எடுக்கும். வருவாயே இல்லாத இடத்தில் அந்தச் செலவு வேண்டாம்.

மைனிங் எப்படி நடக்கிறது என்று கற்பதுதான் நோக்கம் என்றால், உங்களிடம் உள்ள கணினியிலேயே மொனேரோ என்ற நாணயத்தை முயன்று பாருங்கள். அதன் ரேண்டம்எக்ஸ் முறை 2019 நவம்பர் முதல் சாதாரண பிராசஸருக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டிருக்கிறது. பிராசஸரின் ஒரு த்ரெட்டுக்கு (ஒரு பணி ஓட்டத்துக்கு) 2 எம்பி கேஷும் (பிராசஸருக்குள் உள்ள வேக நினைவகம்), மொத்தத்தில் 2 ஜிபிக்குச் சற்று அதிகமான நினைவகமும் போதும். நாளுக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால் மின்கட்டணத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. பூல் (பலர் சேர்ந்து மைனிங் செய்யும் குழு), ஹேஷ் வேகம், நிராகரிக்கப்பட்ட ஷேர் (பூல் ஏற்காத விடை) எல்லாம் கண்ணெதிரே விளங்கும்.

அந்த ரிக்கை முழுதாக வாங்க வேண்டாம். களிம்பு இல்லாத கார்டுகளில் இரண்டை மட்டும் உதிரி விலைக்குக் கேளுங்கள்; 1080பி விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் அவை இன்னும் உதவும். பணம் கொடுப்பதற்கு முன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் முனைகளைத் துடைத்து, ரைசர் இல்லாமல் நேரடியாக மதர்போர்டில் செருகி, அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பாருங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் நினைவகப் பிழை எண்ணிக்கை பூச்சியமாகவே நிற்க வேண்டும். மைனிங் செய்தவர்கள் கார்டின் பயாஸை (அதன் அடிப்படை மென்பொருளை) மாற்றியிருப்பது வழக்கம். ஆகவே ஜிபியு-இசட் மென்பொருள் மூலம் அதன் பதிப்பைப் பார்த்து, மாற்றப்பட்டிருந்தால் அதே மாடலின் மூல பயாஸை ஏற்றச் சொல்லுங்கள். சோதிக்க விற்பவர் இடம் தராவிட்டால் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.