புதுப்பிப்பு: பெற்றோருக்குக் குடுக்கிற தகவல் கோவை தயார்

போன மாதம் இங்க கேட்டிருந்தன்: கொழும்பு வெள்ளவத்தையில வீட்டில வச்சுப் பிள்ளைகளைப் பாக்கிறன், விசாரிக்க வாற தாய் தகப்பனுக்கு எழுத்தில என்ன குடுக்கலாம் எண்டு. பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி.

முதல் எழுதினது 11 பக்கம், ஒருத்தரும் முழுக்க வாசிக்கேல்ல. இப்ப 4 பக்கம், தமிழிலயும் சிங்களத்திலயும். நேரம், காசு, லீவு எல்லாம் ஒரே பக்கத்தில.

பிள்ளையை ஆர் கூட்டிக்கொண்டு போகலாம் எண்ட பகுதிக்குத்தான் கன நேரம் எடுத்தன். பேரும் அடையாள அட்டை இலக்கமும் முன்னமே தராட்டி, சொந்த மாமா வந்தாலும் விடமாட்டன். "எங்கட ஆக்களையும் நம்பமாட்டீங்களோ?" எண்டு ஒரு அக்கா முகம் சுளிச்சவ. காரணத்தைச் சொன்னதும் அவவே மூண்டு பேரின்ர விவரம் எழுதித் தந்தா.

பிள்ளையின்ர சுகாதாரப் பதிவேட்டில தடுப்பூசி போட்ட பக்கத்தின்ர பிரதியும் கேக்கிறன். காய்ச்சல் எண்டால் பனடோல்கூடத் தாய் தகப்பனைக் கேக்காமல் குடுக்கமாட்டன். கடைசிப் பக்கத்தில பெரிய எழுத்தில ரெண்டு இலக்கம்: அம்புலன்ஸுக்கு 1990, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929. முறைப்பாடு என்னைப் பற்றினதெண்டாலும் 1929க்கு எடுங்கோ எண்டு கீழ எழுதியிருக்கிறன்.

அடுத்த கிழமை ரெண்டு குடும்பம் பாக்க வருகினம்.