வேம்பில் ஏறியிருப்பது சீந்தில்தானா? எப்படி உறுதி செய்வது?

சாத்தூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கிணற்றடி வேம்பில் ஒரு கொடி உச்சிவரை ஏறிக் கிடக்கிறது. இலை இதய வடிவம், வழுவழுப்பு, காம்பு நீளம். கிளைகளிலிருந்து நூல் நூலாக வேர்கள் தொங்குகின்றன. சில தரையைத் தொட்டு ஊன்றியும் விட்டன. ஊரில் எல்லோரும் சீந்தில் என்கிறார்கள்.

குழப்பம் எங்கே என்றால், போன வருடம் ஒரு நர்சரியிலும் சீந்தில் என்று சொல்லித்தான் ஒரு கன்று கொடுத்தார்கள். வேலியோரம் வைத்தேன், நன்றாகப் படர்ந்துவிட்டது. இலை ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆனால் அதன் தண்டு முழுக்க முண்டு முண்டாக இருக்கிறது, கை வைத்தால் உறுத்துகிறது. வேம்பில் இருப்பதில் அப்படி இல்லை. மாமாவுக்குச் சர்க்கரை நோய், அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் சீந்தில் கஷாயம் கொடுக்கலாம் என்கிறார் அத்தை. இரண்டில் எது சரியான சீந்தில்? தினமும் கொடுக்கலாமா?

நத்தம் தோட்டம்:

தம்பி, கஷாயத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் கொடியைப் பார்ப்போம்.

சீந்திலை இலையை வைத்து முடிவு செய்யவே கூடாது. இதய வடிவ இலை உள்ள கொடிகள் நம் வேலிகளில் ஏராளம். வேலிப்பருத்திக்கும் அதே இலைதான்; ஆனால் கிள்ளினால் பால் வடியும், காயில் மென்முள் இருக்கும், அதனால் அதைச் சுலபமாகத் தள்ளிவிடலாம். சிக்கலே சீந்திலின் சொந்தக்காரர்களிடம்தான். ஆகவே தண்டைப் பாருங்கள்.

வேம்பில் இருப்பதில் விரல் பருமனான முற்றிய தண்டு ஒன்றை எடுங்கள். மேல்தோல் சாம்பலும் பழுப்புமாக, தாள் கனத்தில் இருக்கும். நகத்தால் கீறினால் சுருண்டு உரிந்து வரும், அடியில் பளிச்சென்று பச்சை தெரியும். தோல்மேல் சிறு புள்ளிகளாகத் தடிப்புகள் இருப்பது இயல்பு. அப்புறம் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவிலிருந்து வண்டிச் சக்கரத்து ஆரக்கால் போலக் கோடுகள் விரிந்திருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்து, லேசாக முறுக்கியிருக்கும். இத்தனையும் பொருந்தினால் அது டைனோஸ்போரா கார்டிஃபோலியா, நம் சீந்தில். இளம் இலையின் அடியில் மென்மயிர் படர்ந்திருந்தால் அது பொற்சீந்தில், வேறு இனம்.

நீங்கள் சொல்லும் முண்டுத் தண்டு எனக்குக் கவலை தருகிறது. வரிசையாக, நெருக்கமாக, மழுங்கிய கொப்புளங்களாக இருந்தால் அது டைனோஸ்போரா கிரிஸ்பாவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதையும் சீந்தில் என்ற பெயரிலேயே விற்கிறார்கள். அதிலிருந்து ஒரு இலைகூட வீட்டுக்குள் போக வேண்டாம்.

வளர்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆனி, ஆடியில் பென்சில் முதல் விரல் பருமன் வரையுள்ள தண்டை, இரண்டு மூன்று கணு இருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி ஊன்றினால் போதும். தண்ணீர் தேங்கக் கூடாது. இந்தக் கொடியின் உயிர்ப்பிடிப்பு பெரிது. அடியை வெட்டிவிட்டாலும் மேலே தொங்கும் தண்டு காயாது; விழுதை இறக்கி மண்ணைத் தேடும். அமிர்தவல்லி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்! ஆண் கொடி, பெண் கொடி தனித்தனி. பட்டாணி அளவில் சிவந்த பழம் கொத்தாக வந்தால் பெண். காய்க்கவே இல்லையென்றால் ஆணாக இருக்கும், குறை ஒன்றும் இல்லை. மருந்துக்கு நாம் எடுப்பது தண்டைத்தான்.

வேம்பில் படர்ந்த சீந்தில் உசத்தி என்று பெரியவர்கள் சொல்வது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் பக்கம் வைத்தியர்களும் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். அறுப்பது கோடையில், மழைக்கு முன்னால். கட்டைவிரல் பருமனான பக்கக் கிளைகளை மட்டும் எடுங்கள், தாய்த்தண்டு மரத்திலேயே இருக்கட்டும்.

சீந்தில் சர்க்கரை, அதாவது தண்டிலிருந்து எடுக்கும் மருந்து மாவு, செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? தோலைச் சீவி, துண்டுகளை இடித்து, தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பிசைந்து துணியில் வடிப்பார்கள். வடித்த நீர் முதலில் கலங்கலாக இருக்கும். ஆடாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல்நீரை இறுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மறுபடி படியவிட்டு, இப்படிப் பல தடவை கழுவிக் காயவைப்பது. ஒரு கூடைத் தண்டுக்குக் கைப்பிடி மாவு தேறினால் பெரிது. கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அது எந்த மாவு என்று யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

ஈப்போ வாசி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நத்தம் ஐயா சொன்ன முண்டுக் கொடி இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. மலாய்க்காரர்கள் பத்தாவாலி என்பார்கள். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் தண்டை அவித்துக் குடிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. நம் தமிழர்களிலும் பலர் அதைச் சீந்தில் என்றே நினைத்துக் குடிக்கிறார்கள். அதைக் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. எனவே அந்த நர்சரிக் கொடி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்.

பாளை சித்தா:

சித்த மருத்துவம் படித்து, நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். அடையாளம் பற்றி மேலே சொன்னது சரி. தினமும் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம்.

கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்தில் தண்டும் ஒன்று. கொரோனா காலத்தில் அதையும் தாண்டி, தனிச் சீந்திலை மாதக்கணக்கில் டீ மாதிரி குடித்தவர்கள் உண்டு. 2021-ல் மும்பைக் கல்லீரல் மருத்துவர்கள், சீந்தில் எடுத்தபின் கல்லீரல் பாதிப்போடு வந்த 6 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் எடுத்தது சீந்தில்தானா என்று சரிவர ஆராயவில்லை என்றது ஆயுஷ் அமைச்சகம். கிரிஸ்பா போன்ற ஒத்த இனங்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றும் எச்சரித்தது. மறுபக்கம், சரியான சீந்திலே சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிட்டுக் கல்லீரலைத் தாக்கவைக்கலாம் என்று அந்த மருத்துவர்கள் சொல்கிறார்கள். நான் இரண்டையும் கருத்தில் வைத்துத்தான் மருந்து எழுதுகிறேன். தைராய்டு, முடக்குவாதம் போன்றவற்றில் எதிர்ப்பாற்றல் கோளாறு உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே கல்லீரல் தொல்லை உள்ளவர்களுக்கும் சீந்தில் கொடுப்பதில்லை.

உங்கள் மாமாவுக்கு இன்னொரு விஷயம். இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கும் தன்மை சீந்திலுக்கு உண்டு. மாத்திரையோடு சேரும்போது அளவுக்கு மீறி இறங்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிப்பது அதைவிட ஆபத்து. கல்லீரல் பரிசோதனை ஒன்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள அரசு சித்த மருத்துவப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு கொண்டு போங்கள். சீந்தில் தேவையா, எந்த வடிவில், எத்தனை நாள் என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். நடுவில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ, பசியே இல்லாமல் போனாலோ உடனே நிறுத்த வேண்டும்.

சாத்தூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வேம்பில் இருந்த தண்டை வெட்டிப் பார்த்தேன். தோல் சொன்னது போலவே சுருண்டு வந்தது, உள்ளே பச்சை, வெட்டிய முகத்தில் ஆரக்கால் தெளிவாகத் தெரிகிறது. வேலியோரக் கொடியில் முண்டுகள் நெருக்கமாக வரிசை கட்டியிருக்கின்றன. அத்தையிடம் பேசிவிட்டேன், மாமாவை வரும் வாரம் கூட்டிப் போகிறோம். இன்னொரு கேள்வி. வேம்புக்குப் பக்கத்தில் எலுமிச்சை மரங்கள் இருக்கின்றன. சீந்தில் இலையில் கண் வரைந்தது போன்ற புள்ளியுடன் ஒரு கருத்த புழு தின்றுகொண்டிருக்கிறது. மருந்தடிக்கலாமா?

நத்தம் தோட்டம்:

மருந்தடிக்காதீர்கள் தம்பி, மருந்துக்கு அறுக்கிற கொடி அது. அந்தப் புழு பழத்தைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் புழு. புழுவாக இருக்கும்போது சீந்தில் இலையைத் தின்னும், பூச்சியானதும் இரவில் வந்து எலுமிச்சை, சாத்துக்குடி, மாதுளையைக் குத்திச் சாறு உறிஞ்சும். குத்திய இடம் அழுகிப் பழம் உதிரும். பழத்தோட்டத்தை ஒட்டிச் சீந்திலை விடாதீர்கள் என்று வேளாண் துறையினர் சொல்வது இதனால்தான்.

எலுமிச்சை வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால், புழுவைக் கையால் எடுத்துப் போட்டு, உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிப் புதைத்தால் சமாளிக்கலாம். விற்பனைக்குக் காய்ப்பது என்றால் ஆடியில் சில தண்டுகளை எடுத்துத் தள்ளி இருக்கும் வேறொரு வேம்படியில் ஊன்றுங்கள். அது பிடித்து ஏறியபின் கிணற்றடிக் கொடியை எடுத்துவிடலாம். வேலியோர முண்டுக் கொடியை வேரோடு பிடுங்கும்போது தண்டுத் துண்டு ஒன்றும் மண்ணில் கிடக்க விடாதீர்கள், அதுவும் துளிர்க்கும். பக்கத்து வீட்டுக்காரர் யாருக்காவது அதிலிருந்து தண்டு கொடுத்திருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.