சின்னப் படத்தை நாமே தியேட்டருக்குக் கொண்டுபோனபோது சந்தித்தவர்கள் – தருமபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

தகடூரான்:

விநியோகஸ்தர் துணையில்லாமல் சொந்தமாகப் படம் வெளியிட்டவர்கள், அவர்களுக்குத் தியேட்டர் கொடுத்தவர்கள், போய்ப் பார்த்தவர்கள் என்று நம் இரண்டு மாவட்டத்திலும் நிறையப் பேர் இருக்கிறோம். அந்த வேலையில் சந்தித்த மனிதர்களைப் பற்றி எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

எங்கள் படம், மாந்தோப்பைக் குத்தகைக்குப் பிடிக்கும் ஒரு குடும்பத்தின் கதை. சந்தூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை பக்கம் எடுத்தது. இயக்குநர் என் சித்தப்பா மகன். கணக்கு வழக்கு, வெளியீடு, விளம்பரம் மூன்றும் என் பொறுப்பு. சென்னையில் ஒரு விநியோகஸ்தர் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி. பப்ளிசிட்டி பணத்தை நீங்க கட்டிடுங்க, தியேட்டரை நாங்க போட்டுத் தர்றோம்" என்றார். மாநிலம் முழுக்க ஒரே வெள்ளிக்கிழமை வெளியீடு என்பது அவர் திட்டம். எங்களிடம் இருந்த பணம் அதில் போஸ்டர் செலவுக்கே காணாது. சரி என்று மற்ற ஏரியாக்களை அப்படியே நிறுத்திவிட்டு, சேலம் ஏரியாவை மட்டும் நாங்களே எடுத்துக்கொண்டோம். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: சினிமா வியாபாரத்தில் சேலம் ஏரியா என்றால் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கும் சேர்ந்தது. சேலத்திலிருந்து தருமபுரி 1965-லும், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004-லும் பிரிந்தாலும் சினிமாக்காரர்கள் கணக்கில் இன்னும் ஒரே ஏரியாதான்.

முதலில் பார்த்தது தருமபுரியில் ஒரு தியேட்டர் முதலாளியை. வயதானவர். ட்ரெய்லர் காட்டப் போனை நீட்டினேன், அவர் கை நீட்டவில்லை. "படம் எப்படின்னு அப்புறம் பேசலாம். உங்க படத்துக்கு யாரு வருவாங்க? எந்த பஸ்ல வருவாங்க? எந்த பஸ்ல திரும்பிப் போவாங்க? அதச் சொல்லுங்க" என்றார். இயக்குநர் ஒரு நிமிடம் முழித்துவிட்டு, "தோப்பு வேலை செய்யறவங்க, மண்டிக்காரங்க, அவங்க வீட்டு ஆளுங்க வருவாங்க ஐயா" என்றார். முதலாளி விரல் விட்டுக் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். பையன்கள் எல்லாம் பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள், சனிக்கிழமை ராத்திரிதான் ஊருக்கு வருவார்கள். வீட்டுப் பெண்கள் மேட்னிக்குத்தான் வருவார்கள், ஃபர்ஸ்ட் ஷோ விட்டு வெளியே வந்தால் ஏரியூர் பக்கம், பென்னாகரத்தைத் தாண்டிய ஊர்ப் பக்கம் பஸ் கிடைப்பது கஷ்டம். "வெள்ளிக்கிழமை காலக் காட்சி வாங்கிட்டு வெறும் சீட்டைப் பாத்து மனசு ஒடஞ்சி போகாதீங்க. ஞாயித்துக்கிழம மேட்னி தர்றேன். அதுல ஆள் வந்தா அடுத்த வாரம் நானே கூப்பிடறேன்."

நான் இங்கே எழுத வந்ததே இதற்காகத்தான். சின்னப் படத்துக்குக் காட்சி நேரம்தான் முதல் விளம்பரம். பெரிய நடிகர் படம் ஓடும் தியேட்டரில் காலைக் காட்சி ஒன்றைக் கெஞ்சி வாங்கி, அதைச் சனிக்கிழமையே தூக்கிவிட்டார்கள் என்று வருந்தும் தம்பிகளை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் படத்துக்கு ஆள் இல்லாமல் போகவில்லை. ஆள் வரக்கூடிய நேரத்தில் படம் இல்லை, அவ்வளவுதான்.

வெளியீட்டு மாதத்தையும் அப்படித்தான் முடிவு செய்தோம். சித்திரை, வைகாசி, ஆனியில் தோப்புக்காரர்கள் தோப்பிலேயே கிடப்பார்கள். காய் இறங்கி, மண்டிக் கணக்கு முடிந்து, கையில் நாலு காசு புரளும் ஆவணியில் வைத்தோம். போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை கூடும், அதனால் அந்தப் பக்கத்துத் தியேட்டரில் மட்டும் மேட்னியை விட்டுவிட்டு ஃபர்ஸ்ட் ஷோ கேட்டோம். சந்தை முடித்து வருகிறவர்களுக்கு அதுதான் தோது.

போஸ்டரைப் பேருந்து நிலையத்தில் குறைத்து, மாங்காய் மண்டி, மாங்கூழ் ஃபேக்டரி வாசல், டீக்கடைச் சுவர் என்று ஒட்டினோம். விளம்பர ஆட்டோவுக்குக் குரல் கொடுத்தவரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாரதக் கூத்தில் கதையை அறிமுகம் செய்து வேடிக்கையாகப் பேசி நடத்தும் கட்டியங்காரன் வேஷம் கட்டுகிற பெரியவர் அவர். நாங்கள் எழுதிக் கொடுத்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "கதையச் சொல்லு சாமி, வார்த்தைய நான் பாத்துக்கறேன்" என்றார். தோப்புக்காரரைக் கூப்பிட்டு, மண்டிக்காரரை வம்புக்கு இழுத்து, கூலிக்குக் காய் பறிக்கும் தாயை வணங்கி, கடைசியில் தியேட்டர் பெயரையும் காட்சி நேரத்தையும் பாட்டாகவே பாடி முடித்தார். ஒரே மூச்சில் பதிவானது. போலீஸ் ஸ்டேஷனில் ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்கிக் காரிமங்கலம் பக்கம் ஆட்டோவை விட்டால், பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். லோக்கல் கேபிளில் ஓடவிட்ட விளம்பரத்தைவிட அந்தக் குரல்தான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். காட்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கவுண்டரை மூடுவார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் முதல் டிக்கெட் எண், கடைசி டிக்கெட் எண், விற்றது எத்தனை, தொகை எவ்வளவு என்று மேனேஜர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதுதான் டி.சி.ஆர்., அதாவது தினசரி வசூல் அறிக்கை. நம் தரப்பு ரெப் (பிரதிநிதி) உள்ளே போய்த் தலைகளை எண்ணி அதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வரி போன பிறகுதான் பங்கு பிரியும். 100 ரூபாய் வரை உள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, நம் ஊர்த் தியேட்டர்களில் பெரும்பாலும் அந்த விலைதான். அது போக உள்ளாட்சி கேளிக்கை வரி. மீதியில் பாதிப் பாதி என்று பேசியிருந்தோம். டிஜிட்டல் திரையிடலுக்கு வாரக் கட்டணமும் நம் தலையில்தான் விழும். 2018-ல் மார்ச் 1 தொடங்கி ஏப்ரல் பாதியைத் தாண்டியும் தமிழில் புதுப்படமே வராமல் நின்றதற்கு இந்தக் கட்டணம்தான் முக்கியக் காரணம். பெரிய தயாரிப்பாளர்களையே நோகடித்த செலவு என்றால் நம் மாதிரி ஆட்களுக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ரெப்பாக வந்தவர் என் மாமா, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். இருட்டில் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்துவிடுவார், டி.சி.ஆரோடு அச்சாக ஒத்துப் போகும். அவர் இன்னொரு வேலையும் செய்தார். படம் விட்டதும் வாசலில் நின்று, "எந்த ஊருங்க?" என்று கேட்டுச் சின்ன நோட்டில் ஊர்ப் பெயரை எழுதினார். கம்பைநல்லூர், மொரப்பூர் என்று திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்துத்தான் அடுத்த வாரம் அரூரில் தியேட்டர் கேட்டோம். ஆன்லைன் முன்பதிவில் பார்த்தால் அந்தக் காட்சி காலியாகத்தான் தெரிந்தது. கவுண்டரில் வரிசை நின்றது.

புரொஜக்டர் ரூம்:

தகடூரான் அண்ணே, வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஆபரேட்டராக இருக்கிறேன். பிரிண்ட் பெட்டி பஸ்ஸில் வந்த காலத்திலிருந்து இந்த ரூமில் இருப்பவன்.

ஒரு தம்பி தன் முதல் படத்தோடு வந்தார். ஹார்ட் டிஸ்க்கில் டி.சி.பி., அதாவது தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி இருந்தது, சர்வரில் ஏற்றியாகிவிட்டது. பூட்டி வரும் அந்தப் பிரதியைத் திறக்கிற கே.டி.எம். என்ற டிஜிட்டல் சாவியும் மெயிலில் வந்துவிட்டது. மேட்னிக்கு ஆள் உட்கார்ந்தபின் போட்டால் படம் திறக்கவில்லை. சாவி சாயங்காலம் ஆறு மணியிலிருந்துதான் செல்லும் என்று நேரம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். சாவி அனுப்பிய லேபில் இருப்பவர் போனை எடுக்கவில்லை. நான் பார்த்தவரையில் இந்த மாதிரி நேரத்தில் டைரக்டர்கள் ரூமில் வந்து நின்று என்னைத்தான் பார்ப்பார்கள். இந்தத் தம்பி நேராகக் கீழே இறங்கித் திரை முன்னால் போய் நின்றார். நடந்ததைச் சொன்னார். "வேணும்ங்கிறவங்க காசை வாங்கிக்கலாம். இருக்கறவங்களுக்கு இந்தப் படத்தை எப்படி எடுத்தோம்னு சொல்றேன்" என்று பேச ஆரம்பித்தார். ரெண்டு மூணு பேர்தான் எழுந்து போனார்கள். புதுச் சாவி வந்து படம் ஓடி முடிந்ததும் ஒரு அம்மா மேலே என் ரூம் வரைக்கும் ஏறி வந்து, "அந்தப் பையன் சாப்பிட்டானா பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதுசாக வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: சாவி குறிப்பிட்ட சர்வருக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும்தான் வேலை செய்யும். சர்வர் விவரத்தை எங்களிடம் நேரில் கேட்டு வாங்குங்கள், பழைய பட்டியலை நம்பாதீர்கள். முந்தின ராத்திரி கடைசி ஷோ முடிந்ததும் ஒரு ரீல் அளவுக்காவது ஓட்டிப் பாருங்கள், நாங்கள் தூக்கம் கெட்டாலும் உட்காருவோம். சவுண்டை 5.1-ல் (தியேட்டரின் பல ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் முறை) மிக்ஸ் பண்ணிக் கொண்டுவாருங்கள். ஹெட்போனில் கேட்டு ஸ்டீரியோவில் முடித்த படத்தில், வசனம் பின் சீட்டுக்காரர்களுக்குப் புரியாது. ஜனங்கள் அதை "படம் சரியில்ல" என்றுதான் வெளியே போய்ச் சொல்வார்கள்.

சந்தூர் மாந்தோப்பு:

தகடூரான் அண்ணா, உங்கள் படத்தைப் பார்த்தவள் நான். எங்கள் மகளிர் குழுவிலிருந்து வேன் பிடித்துப் போனோம். என் மாமியார் டூரிங் டாக்கீஸோடு சினிமாவை விட்டவர், அவரும் வந்தார்.

மண்டியில் எடை போட்டுவிட்டு, கழிவு என்று சொல்லி வியாபாரி கிலோவைக் குறைத்து எழுதுகிற இடம் வருகிறதே, அங்கே தியேட்டரே சத்தம் போட்டது. பின்னாலிருந்து ஒருத்தர், "எழுதாதடா, திரும்ப எடை போடுறா!" என்று கத்தினார். என் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் இவங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் நடப்பதைத் திரையில் பார்த்தபோது எங்களுக்கு இருந்த மனநிலையை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். முதலில் ஒட்டிய போஸ்டரில் ஹீரோ முகம் மட்டும் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்து இது எங்கள் கதை என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டோவில் அந்தக் கூத்துக்காரர் குரலைக் கேட்டுத்தான் போனோம். அடுத்த படத்துக்குத் தோப்பைப் போடுங்கள், பெங்களூரா ரக மாங்காய் தொங்குகிற கிளையைப் போடுங்கள். எங்கள் கண் அங்கேதான் நிற்கும்.

இன்னொன்று. வர முடியாத வயசானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் ஊரிலேயே சமுதாயக் கூடத்தில் போட முடியுமா?

ஓசூர்க்காரன்:

ஓசூரில் நிலைமையே வேறு. எங்கள் தியேட்டர்களில் தெலுங்கும் கன்னடமும் தமிழோடு சேர்ந்து காட்சிக்குப் போட்டி போடும். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பெங்களூருக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். நண்பர் ஒருவரின் படத்துக்கு நாங்கள் செய்த நல்ல காரியம், கன்னட சப்டைட்டில் போட்டது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசுகிறவர்கள் குடும்பமாக வந்தார்கள். ஷிஃப்ட் முடித்த கம்பெனித் தொழிலாளர்களுக்கு செகண்ட் ஷோ ஒத்து வந்தது. தருமபுரியில் மேட்னி என்றால் இங்கே ராத்திரி.

நான் இப்போது ஒரு படம் முடித்துக்கொண்டிருக்கிறேன். சென்சாருக்குப் போகுமுன் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் அண்ணா?

தகடூரான்:

சந்தூர் அம்மா, போஸ்டர் பற்றிச் சொன்னதை இயக்குநருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். அவர் உங்கள் மாமியாரைப் பார்க்க வர வேண்டும் என்கிறார்.

சமுதாயக் கூடத்தில் போடலாம், ஆனால் சும்மா புரொஜக்டரைக் கொண்டுவந்து போட்டுவிட முடியாது. 1955-ம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி, உரிமம் உள்ள இடத்தில்தான் படம் காட்டலாம். மாவட்டத்தில் அந்த அதிகாரம் கலெக்டரிடம் இருக்கிறது, அதனால் முன்கூட்டியே மனு கொடுத்துவிடுவோம். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984-ல் ஒடேஸா என்ற அமைப்பைத் தொடங்கி, ஊர்களில் படம் போட்டு ஜனங்களிடம் சிறுகச் சிறுகக் காசு திரட்டி, அந்தப் பணத்தில் 'அம்ம அறியான்' படத்தை 1986-ல் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அவர்களிடம் செல்போன்கூட இல்லை. நம்மால் ஏன் முடியாது?

ஓசூர்த் தம்பி, விண்ணப்பம் எல்லாம் ஆன்லைனில்தான். இப்போது யு/ஏ என்பதிலேயே 7+, 13+, 16+ என்று மூன்று பிரிவு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டும் எண்ணம் இருந்தால் யு கிடைக்கும்படி வசனத்தை எடிட்டிங்கிலேயே பார்த்துக்கொள். படத்தில் மாடு, நாய், கோழி எது நடித்திருந்தாலும் விலங்கு நல வாரியத்தின் சான்று கேட்பார்கள், அந்த அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். எருது விடும் விழாவை எடுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், அந்தக் காகிதங்களை இன்றைக்கே எடுத்து அடுக்கி வை. சிகரெட், மது வரும் காட்சிகளில் எச்சரிக்கை வாசகத்தையும் போட்டுவிடு. 2023 திருத்தத்துக்குப் பிறகு சான்றிதழுக்குப் பத்து வருஷக் கெடு கிடையாது, ஒரு தடவை வாங்கினால் எப்போதும் செல்லும். அதனால் ஓசூரில் ஓடி முடிந்த பிறகும் படத்தைப் பெட்டியில் போட்டு மூடாதே, பாலக்கோடு, பென்னாகரம் என்று அடுத்தடுத்து நகர்த்தலாம்.

புரொஜக்டர் ரூம் அண்ணே, தம்பி படத்துக்கு ராத்திரி டிரையல் ஓட்ட உங்கள் தியேட்டரில் இடம் கிடைக்குமா? சந்தூர் அம்மா, உங்கள் குழுவில் எத்தனை பேர் வருவார்கள், எந்தக் கிழமை தோது என்று எழுதுங்கள். மனுவில் அதைச் சேர்க்க வேண்டும்.