மறு: மறு: இம்மொபிலைசருக்குத் தமிழ் (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பவர்:

அனைவருக்கும் வணக்கம். பழைய கார்களில் கோளாறு பார்ப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சாவி அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். இம்மொபிலைசர் என்பது சரியான சாவி இல்லாமல் கார் ஓடாதபடி தடுக்கும் மின்னணுப் பெட்டி; அதற்குத் தமிழ் வேண்டும். வாக்கியம் இது:

"இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணாவிட்டால், என்ஜின் ஓடத் தொடங்கி ஓரிரு நொடியில் நின்றுவிடும், டாஷ்போர்டில் சாவி விளக்கு மின்னும்."

ஒரே பக்கத்தில் பதினோரு இம்மொபிலைசர். 'அசைவுத்தடுப்பி' என்று போட்டுப் பார்த்தேன்; கை முறிந்தவருக்கு வைத்துக் கட்டும் சிம்பு போல இருக்கிறது. கைகொடுங்கள்.

இலக்கண ஆசிரியர்:

அம்மா, இதற்கு ஏன் தவிப்பு? முடங்கு தன்வினை, முடக்கு பிறவினை. பிறவினையோடு இகரம் சேர்த்தால் கருவிப்பெயர்: ஒலிபெருக்கி, குளிரூட்டி, மின்தூக்கி. அந்த வரிசையில் 'முடக்கி'. ஆனால் என் மனத்துக்குப் பிடித்தது 'பொறித்தாழ்'. "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்" என்ற குறளில் வரும் தாழ்தான். தாழ்ப்பாளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பொறிக்கு, அதாவது என்ஜினுக்கு, போட்ட தாழ். கையோடு 'சாவி'யையும் எடுத்துவிடுங்கள். அது போர்த்துக்கீசியர் விட்டுப்போன 'சாவே'. அலமாரியும் ஜன்னலும் அவர்கள் கொடுத்தவையே. திறவுகோல் இருக்க நமக்கு ஏன்?

பட்டறை வைத்திருப்பவர்:

ஐயா கோபிக்கக் கூடாது. பொறி என்றால் எங்களுக்கு ஸ்பார்க். 'பொறித்தாழ் பழுது' என்று எழுதினால் பையன் பிளக்கைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். எலிப்பொறியும் பொறி, ஐம்பொறியும் பொறி. கையேட்டில் அந்தச் சொல்லே வேண்டாம்.

முடக்கியிலும் எனக்கு ஒரு குறை. அந்தப் பெட்டி ஓடுகிற எதையும் முடக்குவதில்லை. வண்டி எப்போதும் முடங்கித்தான் கிடக்கிறது. சாவி சரியான பதில் சொன்னால் விடுகிறது. சாவியின் தலைக்குள் அரிசி அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கும், அல்லது கறுப்பாக ஒரு சின்னத் துண்டு. அதுதான் சில்லு (சிப்). அதற்கு பேட்டரி கிடையாது. சாவி நுழையும் துளையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள். ஆன் செய்ததும் அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்சில் அதிரும். அந்த அதிர்விலிருந்தே சில்லு மின்சாரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். ஆரம்ப காலச் சில்லுகள் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லும். பின்னால் வந்தவை கேட்ட கேள்விக்குக் கணக்குப் போட்டு விடை சொல்லும். விடை தப்பானால் பெட்ரோல் வெட்டு. சில வண்டிகளில் ஸ்டார்ட்டரே சுற்றாது.

ஒருவர் வந்தார். கதவு ரிமோட்டில் அழகாகத் திறக்கிறது, மூடுகிறது. என்ஜின் பிடிக்கிறது, 'டுர்' என்று ஒரு நொடி, அப்புறம் செத்துவிடுகிறது. வேறெங்கோ பெட்ரோல் பம்ப்பை மாற்றியாயிற்று, பில்டரை மாற்றியாயிற்று. சாவியை வாங்கிப் பார்த்தேன், கூடு புத்தம் புதிது. "பழசு உடைஞ்சுபோச்சு, நானே மாத்திட்டேன்" என்றார். ரிமோட் பலகையையும் பேட்டரியையும் மாற்றியிருக்கிறார். சில்லு தனியாகப் பழைய கூட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. நல்லவேளை, கூட்டை வீசவில்லை. கொண்டுவரச் சொல்லி, புதுச் சாவியோடு சேர்த்துத் துளையருகில் பிடித்துத் திருகினேன். ஓடியது, நிற்கவில்லை. இதில் பெட்டி யாரை முடக்கியது? சாவிதான் ஊமை. ஆகவே 'இசைவுப்பூட்டு' என்கிறேன்.

ஈழத்து அன்பர்:

வணக்கம். நாங்கள் சொல்லுறது திறப்பு. சாவி எண்டாலும் விளங்கும், பரவாயில்லை. ஆனால் சில்லு எண்டால் எங்களுக்கு வண்டிச் சில்லு, சக்கரம். 'சில்லு இல்லாவிட்டால் கார் ஓடாது' எண்டு கையேட்டில இருந்தால், 'இதைச் சொல்ல ஒரு புத்தகமோ?' எண்டு கேப்பினம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில 1998இலிருந்து புதுக் கார்களுக்கு இது கட்டாயம். ஜெர்மன்காரர் 'வேக்ஃபார்ஷ்பெர' எண்டுவினம்: ஓட்டிக்கொண்டு போறதுக்குத் தடை. கருவி என்ன செய்யுது எண்டு பாராமல் கள்ளனுக்கு என்ன நடக்குது எண்டு பாத்து வைச்ச பேர். அப்பிடியே 'ஓட்டுத்தடை' எண்டு வைக்கலாமே?

மொழிபெயர்ப்பவர்:

ஓட்டுத்தடை! தேர்தல் அதிகாரி வந்து நிற்பார் அண்ணா.

சித்த மருத்துவம் படிப்பவர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பெட்டி முடக்கி என்றால் சில்லுக்குப் பெயர் ஏற்கெனவே கொடியாகப் படர்ந்திருக்கிறது: முடக்கறுத்தான். முடக்கு + அறுத்தான். மூட்டு முடக்கத்தை அறுப்பதால் வந்த பெயர், பேச்சில் முடக்கத்தான். 'முடக்கறுத்தான் தொலைந்தால் கார் எழாது.'

இலக்கண ஆசிரியர்:

சிரித்துவிட்டேன். ஆனால் 'இசைவு' என்று பட்டறைத் தம்பி சொன்னது அவர் நினைத்ததைவிட ஆழமானது. இசைதல் ஒப்புதல், இசைதல் ஒலித்தல். சுருளும் சில்லும் ஒரே அதிர்வெண்ணில் இசைகின்றன, பிறகே பூட்டு இசைகிறது. யாழ் நரம்பைச் சுருதி கூட்டுவதும் இதுவே. வேர் 'இய்' என்றால் இயை, இயல், இயங்கு எல்லாம் ஒரு குடும்பம் ஆகிறது. ஆக இசையாதது இயங்காது. (இந்த வேரைப் பலர் ஒப்பமாட்டார்கள். எனக்குக் கவலையில்லை.)

கணினிக் கலைச்சொல் தொகுப்பவர்:

இம்மொபிலைசர் என்றே விட்டால் என்ன? மாணவன் நாளை வேலைக்குப் போகுமிடத்தில் இந்தச் சொல்தான் காதில் விழும். வேற்றுமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்துக்கு இணக்கி எடுத்துக்கொள்ள தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார்.

இலக்கண ஆசிரியர்:

அவர் வழிவிட்டது வடசொல்லுக்கு. அது கிடக்கட்டும். இ + மனிதன் = இம்மனிதன். இ + மொபிலைசர்? சுட்டெழுத்தும் சந்தியும் படித்த பிள்ளை அதை 'இந்த மொபிலைசர்' என்றுதான் பிரிப்பான். நகரவிடாததற்கு 'இந்த நகர்த்தி' என்று பெயர்! அம்மொபிலைசர் எது, எம்மொபிலைசர் எது என்று கேட்டால் யார் விடை சொல்வது?

மொழிபெயர்ப்பவர்:

வியாழன் இரவு பதினொன்றரை. எண்ணிப் பார்த்தேன்: முடக்கிக்கு நான்கு பேர், இசைவுப்பூட்டுக்கு இருவர், பொறித்தாழுக்கு ஒருவர் (யாரென்று சொல்ல வேண்டாம்). முடக்கியே போகிறது, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் இம்மொபிலைசர் என்றும் இருக்கும். சாவி சாவியாகவே இருக்கும், ஒருமுறை மட்டும் பக்கத்தில் திறப்பு என்றும். சில்லு வேண்டாம், 'பதில்வில்லை' என்று போட்டுவிட்டேன். யாரும் இப்போது எதிர்க்காதீர்கள்.

பட்டறை வைத்திருப்பவர்:

எதிர்க்கவில்லை அக்கா. ஆனால் முடக்கி என்று படிக்கிறவன் முதலில் பெட்டியைத்தான் கழற்றுவான், அதனால் ஒரு வரி சேருங்கள்: 'பெட்டியைத் தொடுமுன் இரண்டாவது சாவியைப் போட்டுப் பார்க்கவும். அதே வளையத்தில் வேறு சில்லுச் சாவி தொங்கக் கூடாது, குறுக்கே பேசும்.' இரண்டாவது சாவியில் ஓடினால் முதல் சாவிதான் பழுது. இரண்டிலும் ஓடாவிட்டால் சுருளின் இணைப்பையும் கார் பேட்டரியையும் பார்த்த பிறகு பெட்டிக்கு வரட்டும். 'சில்லுச் சாவி' என்று எழுதிவிட்டேன், நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பவர்:

சேர்த்தாயிற்று. 'பதில்வில்லைச் சாவி' அந்த வரியில் இடம் கொள்ளவில்லை. சில்லு அங்கே மட்டும் நின்றுவிட்டது. ஈழத்து அண்ணா பொறுத்தருள்க.

இலக்கண ஆசிரியர்:

'முடக்கி வண்டியை நிறுத்தியது' என்ற வரியில் முடக்கி பெயரா வினையெச்சமா என்று மாணவன் கேட்பான். இரண்டாம் பதிப்புக்கு வாருங்கள். பொறித்தாழை நான் இன்னும் விடவில்லை.