அப்பாவின் கண்ணில் மெலனோமா: கண்ணை எடுப்பதா, கதிர்வீச்சுத் தகடு வைப்பதா?

கேள்வி: மாலதி, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். இரும்புப் பட்டறை நடத்தும் என் தந்தையாருக்கு 54 வயதாகிறது. இடது கண்ணின் ஓரத்தில் நிழல் படிந்ததுபோல் இருப்பதாகச் சொல்லிவந்த அவரை விழித்திரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். சொட்டு மருந்து விட்டுப் பரிசோதித்து, பி-ஸ்கேன் என்னும் கண் அல்ட்ராசவுண்டும் எடுத்தபின், விழித்திரைக்குப் பின்னாலுள்ள கோராய்டு படலத்தில் மெலனோமா என்னும் புற்றுநோய்க் கட்டி வளர்ந்திருக்கிறது என்றும், அதன் உயரம் 5 மில்லிமீட்டர், அகலம் 11 மில்லிமீட்டர் என்றும் கூறினார்கள். ஈரல் ஸ்கேனில் இப்போது எதுவும் இல்லை.

கதிர்வீச்சுத் தகடு பொருத்திக் கண்ணைக் காப்பாற்றலாம் என்கிறார் மருத்துவர். புற்றுநோய் என்று தெரிந்தபின் அந்தக் கண்ணை வைத்திருப்பது உயிருக்கே ஆபத்து, எடுத்துவிடுவதே மேல் என்று பெரியப்பா உறுதியாகச் சொல்கிறார். சதைப் பரிசோதனை செய்யாமலே நோயை முடிவுசெய்தது சரிதானா, பல ஆண்டுகள் வெல்டிங் செய்ததால் வந்ததா, எனக்கும் தம்பிக்கும் வர வாய்ப்புண்டா என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற கண் மருத்துவர்

அம்மா, உங்கள் பெரியப்பாவின் அச்சம் இயல்பானது. ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காகவே அமெரிக்காவிலும் கனடாவிலும் 1986-இல் ஒரு பெரிய கூட்டாய்வு தொடங்கப்பட்டது. நடுத்தர அளவுக் கட்டி உடைய 1,317 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் கண்ணை அகற்றினார்கள். மற்றவர்களுக்கு அயோடின்-125 என்னும் கதிரியக்கப் பொருள் கொண்ட தகடு பொருத்தினார்கள். 5 ஆண்டுகளில் இறந்தவர்கள் இரு பிரிவிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 18, 19 பேர்தான். 12 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தபோதும் கண்ணை எடுத்தவர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை. உங்கள் தந்தையாரின் கட்டி இந்த நடுத்தர வகையைச் சேர்ந்தது. ஆகவே உயிரைக் காக்கவேண்டும் என்பதற்காக மட்டும் கண்ணை இழக்கவேண்டிய தேவை இல்லை. கட்டி மிகப் பெரிதாகிவிட்டாலோ, பார்வை நரம்பைச் சூழ்ந்திருந்தாலோ, கண்ணில் தாங்கமுடியாத வலி இருந்தாலோதான் அகற்றுவது பற்றிப் பேசவேண்டும்.

சதைப் பரிசோதனை பற்றி: தேர்ந்த மருத்துவர் நேரில் பார்த்து, பி-ஸ்கேனையும் சேர்த்து முடிவுசெய்தால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தக் கூட்டாய்வில் தவறாகக் கணிக்கப்பட்டவை நூற்றில் ஒன்றுகூட இல்லை.

காரணத்தைப் பொறுத்தவரை, இந்நோய் வெளிர்நிறத் தோலும் நீலம் அல்லது சாம்பல் நிறக் கண்களும் உடையவர்களிடமே அதிகம். ஐரோப்பாவின் வடக்கு நாடுகளில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 8 பேருக்கு வருகிறது. தெற்கே ஸ்பெயின், இத்தாலியில் அது ஏறத்தாழ 2 ஆகக் குறைகிறது. நம்மவர்களிடம் அதனினும் அரிது. கண்ணின் உள்ளே முன்பே இருக்கும் மச்சம், கண்ணைச் சுற்றிப் பிறவியிலேயே படர்ந்திருக்கும் நீலக்கருமை ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. வெல்டிங் தொழிலுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் ஒரு தனி மனிதரின் கட்டிக்கு அதுவே காரணம் என்று சொல்ல இயலாது, உங்கள் தந்தையார் தம்மைக் குறை சொல்லிக்கொள்ளவும் வேண்டியதில்லை. பட்டறையில் வேலை செய்யும் மற்றவர்கள் முகக்கவசமில்லாமல் பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. பாப்-1 என்னும் மரபணுவில் பிறவிக் குறை உள்ள மிகச் சில குடும்பங்களே விதிவிலக்கு. உறவினர்களில் யாருக்கேனும் சிறுநீரகப் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா, தோல் மெலனோமா இருந்ததா என்று விசாரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பதில்: தகடு சிகிச்சை பெற்ற ஒருவர்

சகோதரி, எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ருத்தீனியம்-106 என்னும் வேறொரு கதிரியக்கப் பொருள் கொண்ட தகடு வைத்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, கண்ணின் வெண்பகுதியில் கட்டிக்கு நேர் பின்னே தகட்டைத் தைத்துவிடுகிறார்கள். கணக்கிட்ட கதிர் அளவு சேர்ந்ததும், சில நாட்களுக்குப் பிறகு, மீண்டும் ஓர் அறுவையில் எடுத்துவிடுகிறார்கள். அதுவரை தனி அறையில் இருக்கவேண்டும். ருத்தீனியத்தின் கதிர் அதிக ஆழம் செல்லாது என்பதால் 5 மில்லிமீட்டர் அளவுக் கட்டிகளுக்கு அது பொருந்தும். மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையமே இத்தகடுகளைத் தயாரிக்கிறது. ஆகவே இறக்குமதியை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் யாரும் எனக்கு முன்கூட்டி அழுத்திச் சொல்லவில்லை. கண் தங்குவது வேறு, பார்வை தங்குவது வேறு. கட்டி சுருங்கிய பிறகுதான் கதிரால் விழித்திரை பாதிக்கப்பட்டு என் பார்வை மெல்ல மங்கியது. நீர்க்கோப்பைக் குறைக்கக் கண்ணுக்குள் ஊசியும் போட்டுக்கொண்டேன். மேலே மருத்துவர் ஐயா சொன்ன ஆய்விலும், 3 ஆண்டுகளுக்குள் பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்தக் கண்ணின் பார்வை 6/60 (60 மீட்டரில் தெரியவேண்டியது 6 மீட்டரில்தான் தெரியும் நிலை) அல்லது அதற்கும் கீழே போனது. இதைத் தந்தையாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அப்படியிருந்தும், என் கண் என்னிடம் இருப்பதில் எனக்கு மிகுந்த நிறைவு.

பதில்: புற்றுநோய் மருத்துவத் துறையில் பணிபுரிபவர்

கண்ணைப் பற்றிய விவாதத்தில் ஈரலை மறந்துவிடக்கூடாது. இந்நோய் இரத்தத்தின் வழியே பரவுகிறது. பரவியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஈரலில் தெரிகிறது. 3 முதல் 8 மில்லிமீட்டர் உயரமுள்ள கட்டிகளில் 10 ஆண்டுகளுக்குள் நான்கில் ஒரு பங்கினருக்குப் பரவியதாக 8,000-க்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட ஓர் ஆய்வு காட்டியது. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கு 2005-இல் கண்ணில் கட்டி கண்டறியப்பட்டுச் சிகிச்சை முடிந்தது. ஈரலில் பரவியது 2015-இல்தான் தெரியவந்தது. எனவே, சில ஆண்டுகள் நலமாக இருந்ததைக் கொண்டு பரிசோதனையை நிறுத்துவது பெரும் தவறு.

எவருக்குப் பரவும் என்பதை அளவைவிடத் துல்லியமாகக் கட்டியின் மரபணுக்கள் காட்டும். கட்டியின் செல்களில் இணையாக இருக்கவேண்டிய மூன்றாம் குரோமோசோம்களில் (மரபணுக்களைத் தாங்கும் இழைகளில்) ஒன்று இழக்கப்பட்டிருந்தால் ஆபத்து அதிகம். தகடு பொருத்தும்போதே மெல்லிய ஊசியால் சிறிது திசு எடுத்து இதைச் சோதிக்க முடியுமா என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். கதிர் பட்ட பிறகு எடுத்தால் முடிவு தெளிவாக இராது. ஆபத்து அதிகம் என்று வந்தால் ஆறு மாதத்திற்கு ஒருமுறையாவது ஈரலுக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பது நல்லது.

பரவிய நிலைக்கு நீண்ட காலம் பலனுள்ள மருந்தே இல்லாதிருந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட டெபென்டஃபஸ்ப் என்னும் மருந்து, ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் விகிதத்தை 59-இலிருந்து 73 சதவீதமாக உயர்த்தியது. எச்.எல்.ஏ.-ஏ 02:01 என்னும் திசு வகை உடையவர்களுக்கு மட்டுமே அது பயன்படும். இன்று தந்தையாருக்கு அது தேவையில்லை. அவருக்கு இப்போது தேவை, கட்டி மேலும் உயராமல் தகடு சிகிச்சைக்கு நாள் குறிப்பதுதான்.