மறு: ‘பேனியர்’ – தமிழில் என்ன சொல்லலாம்? (இரட்டைப்பொதி)

வணக்கம்.

பைக்கின் பின்பக்கம் இரு புறமும் மாட்டும் பையையோ பெட்டியையோ ஆங்கிலத்தில் பேனியர் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. இதுவரை வந்த பரிந்துரைகள் பக்கப்பை, பக்கப்பெட்டி, சேணப்பை, தொங்குபை. ‘பேனியர் என்றே எழுதிவிடலாம்’ என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். என் பரிந்துரை இரட்டைப்பொதி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாம் சொல் தேடுவது இமயமலையில் மணாலியிலிருந்து லே வரை கூடாரத்தோடு பைக்கில் போகிறவர்களுக்கான தமிழ்க் கையேட்டுக்காக. ஆகவே அந்தச் சாலையில் நிற்கிறவருக்கு உதவுகிற சொல்லாக அது இருக்க வேண்டும்.

> பக்கப்பை எல்லோருக்கும் புரியும். அதற்கு மேல் என்ன வேண்டும்?

புரியும், மறுக்கவில்லை. வண்டிக்கு உதிரிப்பாகம் மாட்டித்தரும் கடைகளில் ‘சைடு பேக்’, ‘சைடு பாக்ஸ்’ என்றுதான் கேட்கிறார்கள். பக்கப்பை அதற்கு நேர்ச்சொல். ஆனால் அது பை எங்கே இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் மாட்டினாலும் அது பக்கப்பைதான். நெடும்பயணத்தில் அப்படி மாட்டக்கூடாது என்பதுதான் கையேட்டின் முதல் பாடம். இரண்டும் சேர்ந்துதான் ஒரு பொருள், இரண்டின் எடையும் ஒத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுத்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

இந்த எண்ணம் தமிழுக்குப் புதிதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் மிளகு ஏற்றிப்போகும் கழுதைச் சாத்து வருகிறது. ‘மிரியல் புணர்ப்பொறை தாங்கிய’ என்று அந்தக் கழுதைகளைப் பற்றிச் சொல்கிறார் புலவர். மிரியல் என்றால் மிளகு. புணர்ப்பொறை என்பது இரண்டு பக்கமும் ஒத்த கனமாகச் சேர்த்துக் கட்டிய சுமை. உடனே ‘வடுவாழ் நோன்புறத்து’ என்று தொடர்கிறது: சுமை அழுத்தித் தழும்பேறிய வலிய முதுகு. சுமை எப்படி உட்கார்ந்திருக்கிறது, அது முதுகை என்ன செய்தது என்று இரண்டையும் அடுத்தடுத்த சொற்களில் பார்த்திருக்கிறார். சுங்கம் கொடுத்துப் போகும் பெருவழி அது. நெடுந்தூரப் பயணத்துக்குச் சுமை கட்டிய பழக்கத்திலிருந்து பிறந்த சொல்.

அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் புணர்தல் என்றால் இன்றைக்கு வேறு பொருள்தான் முதலில் தோன்றும். பொறையும் சுமை என்ற பொருளில் வழக்கொழிந்துவிட்டது. கையேட்டில் அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டிய சொல் வேண்டாம். ஆனால் அதன் கருத்தைக் காப்பாற்றலாம். புணர்ப்பு என்பதற்கு இரட்டை, பொறை என்பதற்குப் பொதி. பொதிமாடு, பொதிகழுதை, பொதி சுமப்பது எல்லாம் எந்த ஊரிலும் புரியும்.

கொழும்பிலிருந்து எழுதிய அக்காவின் மறுப்பு கனமானது.

> எங்களிடம் பொதி என்றால் பார்சல். உலர் உணவுப் பொதி என்று செய்தித்தாளில் நாள்தோறும் வருகிறது. உள்ளே சாமான் இருக்கும்வரைதான் அது பொதி. வெறும் பையைப் பொதி என்பீர்களா?

உண்மை அக்கா. வெறும் பை பொதியாகாது. அதனால் இரண்டு நிலைக்கும் இரண்டு சொல் வைத்துக்கொள்வோம். கடையில் வாங்கும் பொருள் துணியாலானால் பொதிப்பை, அலுமினியமோ பிளாஸ்டிக்கோ ஆனால் பொதிப்பெட்டி. சாமான் ஏற்றி, எடை ஒத்துப்பார்த்து, வண்டியில் பூட்டிய பிறகு அந்த ஜோடிக்கு இரட்டைப்பொதி என்று பெயர். தனித்தனியே சொல்ல வேண்டிய இடத்தில் இடப்பொதி, வலப்பொதி. பேனியர் என்ற ஆங்கிலச் சொல்லில் இல்லாத இந்தப் பிரிவு நமக்குப் பயன்படுகிறது. ‘இரட்டைப்பொதியை எடை பார்’ என்றால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமே தேவையில்லை.

எடை பார்ப்பது என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். விமானப் பயணிகள் பெட்டி தூக்கிப் பார்க்கும் கைத்தராசு போதும். இரண்டு பொதியையும் தனித்தனியே தொங்கவிட்டு நிறுத்தால் ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது. கனமானவை பொதியின் அடியில், வண்டியின் நடுவை ஒட்டினாற்போல். டூல்ஸ், டயர் லீவர், உதிரி டியூப், கிளட்ச் கேபிள் எல்லாம் அங்கே. மேலே போகப்போக இலேசான துணிமணி. கனத்தைப் பின்னால் தள்ளிவைத்தால் முன்சக்கரம் இலேசாகி, ஹேண்டில் ஆடத் தொடங்கும். ஏற்றியாயிற்றா, பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும், டயர் காற்றை முழுச்சுமைக்கு உரிய அளவுக்கு ஏற்ற வேண்டும், ஹெட்லைட் மேலே பார்க்கிறதா என்று பார்க்க வேண்டும். செயின் தொய்வையும் பார்க்க வேண்டும். கிளட்ச் கேபிள் மாற்றத் தெரிந்தவர்கள் உதிரி கேபிளைப் பொதியில் வைக்காமல் பழைய கேபிளோடு சேர்த்தே கட்டி வைத்துவிடுவார்கள். பழையது அறுந்தால், நின்ற இடத்திலேயே உதிரியின் இரண்டு முனையையும் மாட்டினால் வேலை முடிந்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மிளகு மூட்டை வழியில் குறையாது; புறப்பட்ட எடைதான் போய்ச் சேரும் எடை. கூடாரப் பயணியின் சுமை அப்படியில்லை. லாஹௌலில் சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடுகிற தாந்தியில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று அங்கே வைத்திருக்கும் பலகை பைக் ஓட்டிகளிடையே பெயர் பெற்றது. 15 லிட்டர் டேங்க் உள்ள வண்டி லிட்டருக்கு 30 கி.மீ. கொடுத்தால் 450 கி.மீ. ஓடும், கணக்குப்படி போதும். ஆனால் ஏற்றத்தில் கீழ் கியரிலேயே ஏறும்போது அந்த 30 கிடைக்காது. ஆகவே 5 லிட்டர் கேனில் கூடுதல் பெட்ரோல் எடுத்துப்போகிறார்கள். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோதான், கேனோடு சேர்த்து ஏறக்குறைய 4 கிலோ. இடப்பக்கம் அதைக் கட்டி, வலப்பக்கம் 4 லிட்டர் தண்ணீரைக் கட்டினால் காலையில் தராசு நேராக நிற்கும். வழியில் பாங் என்ற இடத்துக்குப் பக்கத்தில் பெட்ரோலை டேங்கில் ஊற்றிவிட்டால் அந்த நிமிடமே இடப்பக்கம் வெற்றுக் கேன். வலப்பக்கம் 4 கிலோ கூடுதல். அதற்குப் பிறகுதான் 5,300 மீட்டரைத் தாண்டிய தங்லங் லா கணவாயின் ஏற்றம் இருக்கிறது. பெட்ரோலை ஊற்றிய கையோடு பாதித் தண்ணீரை இடப்பக்கம் மாற்றிவிட வேண்டும். ‘பக்கப்பையில் தண்ணீர் வைக்கவும்’ என்று எழுதினால் இது விட்டுப்போகும். ‘இரட்டைப்பொதியைச் சரிபார்க்கவும்’ என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எழுதினால் விட்டுப்போகாது. சொல்லுக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் இதுதான்.

> சேணப்பை இலக்கியச் சுவையோடு இருக்கிறதே, விட மனமில்லை.

சேணம் குதிரைக்கு உரியது. அழகான சொல்தான் ஐயா. ஆனால் பழைய புல்லட்டுகளின் ஓரத்தில் அழகுக்காகத் தொங்கும் சின்னத் தோல்பைக்குத்தான் அது பொருந்தும் என்று தோன்றுகிறது. அதற்கே வைத்துக்கொள்ளலாம். இரண்டும் வேறு பொருள்கள், வேறு பெயர் இருப்பது நல்லது. தொங்குபை எனக்கு உடன்பாடில்லை. பொதி தொங்கவே கூடாது. தொங்கினால் ஆடும், ஆடினால் சைலன்சரில் போய் உட்காரும். நம் ஊர் வண்டிகள் பலவற்றில் சைலன்சர் வலப்பக்கம். துணிப்பை அதில் பட்டால் உருகி ஓட்டை விழுந்து, உள்ளே இருப்பதும் கருகும். அதற்காகத்தான் வண்டியில் இரும்புச் சட்டம் மாட்டுகிறார்கள். அதற்குப் பொதிச்சட்டம் என்ற பெயர் தானாகவே வந்து பொருந்துகிறது.

பொதி என்ற வேர் குட்டி போடும் என்பது இன்னொரு வசதி. பின்னிருக்கையின் மேல் குறுக்காகக் கட்டும் உருளைப் பைக்கு மேற்பொதி. கூடாரமும் உறக்கப்பையும் அதில் போகும்; பெரியவை, ஆனால் கனமில்லாதவை. வண்டி தாங்கக்கூடிய சுமையின் எல்லைக்குப் பொதியெடை. வண்டியோடு வரும் கையேட்டில் மொத்த எடை வரம்பும் வண்டியின் எடையும் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது பொதியெடை. ஓட்டுகிறவரும் அவர் ஹெல்மெட்டும் பூட்ஸும் அதற்குள்தான் அடங்க வேண்டும் என்பதை இந்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். அலுமினியப் பொதிப்பெட்டிகள் இரண்டும் பொதிச்சட்டமும் சேர்ந்து, உள்ளே ஒரு சட்டைகூட வைக்காமலேயே பத்துக் கிலோவைத் தாண்டிவிடும். துணிப் பொதிப்பை அதில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும். ஓடையில் வண்டி சாயும்போது காலூன்றினால் பெட்டியின் கூர்விளிம்பு கெண்டைக்காலில் இடிக்கும் அபாயமும் துணிப்பையில் குறைவு. தண்ணீர் புகும் என்பது அதன் குறை. உள்ளே தடித்த பாலிதீன் உறை போட்டு, வாயை முறுக்கிக் கட்டினால் போதும். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் தண்ணீர் பெருகிவிடும்.

‘பஞ்ஜி கார்டு’க்குத் தனிச்சொல் வேண்டாம் என்பது என் எண்ணம். கொக்கி வைத்த ரப்பர் கயிறு என்றே சொல்லலாம். நெடும்பயணத்தில் அதை நம்பி எதையும் கட்டாதீர்கள் என்றும் கூடவே எழுதுங்கள். குலுக்கலில் அது நீளும், நீண்டால் கொக்கி கழலும், கழன்றால் பின்சக்கரத்தில் சுற்றும். பக்கிள் வைத்த வார்தான் சரி. வாரின் மிச்ச முனையை மடித்துச் செருகிவிட வேண்டும். நடைமுறையில் மக்களிடம் சொல் இருக்கும்போது நாம் புதிதாக ஒன்று செய்வதில் எனக்கு ஆர்வமில்லை. டேங்க் மேல் வைப்பது டேங்க் பை என்றே இருக்கட்டும். பணம், அடையாள அட்டை, வண்டிக் காகிதங்கள், மருந்து ஆகியவை அதில். இறங்கும்போது கையோடு எடுத்துப்போகும் பை அது ஒன்றுதான்.

சமையல் பகுதியை எழுதும் நண்பருக்கு ஒரு வார்த்தை. ‘கேஸ் கேனிஸ்டர்’ என்பதற்கு எரிவாயுக் குப்பி நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் என்ன வாயு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் குப்பிகளில் பெரும்பாலும் பியூட்டேன்தான். அது ஆவியாகும் வெப்பநிலை கடல்மட்டத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம், உயரத்தில் இன்னும் கொஞ்சம் குறைவு. வழியிலுள்ள சார்ச்சுவில், 4,200 மீட்டருக்கு மேல், விடிகாலைக் குளிர் பூஜ்யத்துக்கு வெகுவாகக் கீழே போய்விட்டால் குப்பி நிறைய வாயு இருந்தும் அடுப்பு சரியாக எரியாது. புரொப்பேன் கலந்த குப்பி வாங்க வேண்டும். குப்பியை ராத்திரி உறக்கப்பைக்குள் அணைத்துக்கொண்டு தூங்குகிறவர்களும் உண்டு. அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாமல் அரிசி வேக நெடுநேரம் ஆகும். பட்டியலில் அரிசியை எடுத்துவிட்டு அவல், ரவை, வறுத்த சேமியா போடுங்கள். எடையும் குறையும், வாயுவும் மிச்சம்.

கடைசியாக, ‘பேனியர்’ என்றே விட்டுவிடலாம் என்ற நண்பர்களுக்கு. ஹெல்மெட்டையும் கிளட்சையும் நாம் மாற்றப் பார்க்கவில்லை. அவை வீட்டுக்குள் வந்து தங்கிவிட்ட சொற்கள். பேனியர் அப்படித் தங்கவில்லை. கடைக்காரர் ஒன்று சொல்கிறார், காணொளிகளில் ஒன்று சொல்கிறார்கள், இலங்கையில் ஒன்று. எதுவும் இறுகிப்போகாத இந்த நேரத்தில் நல்ல சொல்லைக் கொடுத்தால் ஏற்பார்கள். பைக்குக்கு உந்துருளி என்ற சொல் ஈழத்தில் செய்தி மொழியில் வேரூன்றிவிட்டதே. இமயமலையின் பெயரைச் சுமக்கும் ‘ஹிமாலயன்’ வண்டியே சென்னையை அடுத்த ஆலையில்தான் உருவாகிறது. அதில் ஏற்றும் சுமைக்குத் தமிழில் பெயர் வைக்க நாம் தயங்க வேண்டியதில்லை.

முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, மேற்பொதியா பின்பொதியா? இரண்டு பேர் போகும் வண்டியில் அது இருக்கைக்குப் பின்னால், கேரியரில் போய்விடுவதால் பின்பொதியே சரி என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு, பொதிச்சட்டமா பொதித்தாங்கியா? வெல்டிங் பட்டறைகளில் ‘ஃபிரேம்’ என்பதற்குச் சட்டம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆகவே என் வாக்கு சட்டத்துக்கு. பட்டறைக்காரர்களோடு பழக்கமுள்ளவர்கள் கேட்டுச் சொல்லுங்கள். படம் வரைகிறவர் இந்தச் சொற்களை அம்புக்குறி போட்டு எழுதக் காத்திருக்கிறார்.

அன்புடன்.